முட்டித் தேய்மானத்துக்கும் குடலுக்கும் என்ன தொடர்பு?

உடல் எடை கூடினால் முட்டி தேயும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் பருமனானவர்களுக்கு விரல் மூட்டுத் தேய்மானமும் அதிகம் வருகிறது. விரல்கள் உடலைத் தாங்குவதில்லையே! பாரத்தைத் தவிர வேறு ஏதோ ஒன்றும் மூட்டைத் தாக்குகிறது. அது குடலிலிருந்து வருகிறது என்பதற்குச் சான்றுகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன.

நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகின்றன. குடற்சுவர் செல்களுக்கு முக்கிய எரிபொருள் அதுதான். செல்களுக்கு இடையிலான இணைப்புகளையும் அது இறுக்குகிறது. உணவில் கொழுப்பு மிகுந்து நார் குறைந்தால் அந்த இணைப்புகள் தளரும். சில பாக்டீரியாக்களின் வெளியுறையில் உள்ள லிப்போபாலிசாக்கரைடு என்ற நச்சு, சிறுகச் சிறுக ரத்தத்தில் கசியும். மூட்டுச் சவ்வில் இருக்கும் நோயெதிர்ப்புச் செல்கள் அதை உணர்ந்ததும் ஐஎல்-1பீட்டா, டிஎன்எஃப் போன்ற அழற்சிப் புரதங்களைச் சுரக்கும். அந்தத் தூண்டுதலில், எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பின் செல்களே எம்எம்பி-13, ஏடம்டிஎஸ்-5 என்ற நொதிகளை உருவாக்கும். முன்னது குருத்தெலும்புக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை வெட்டும். பின்னது அதில் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் அக்ரிகன் என்ற பொருளை வெட்டும்.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் 2018 ஆய்வு இதில் முக்கியமானது. கொழுப்புணவால் பருத்த எலிகளின் முட்டியில், எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் ஜவ்வைச் சேதப்படுத்தினார்கள். 12 வாரங்களில் குருத்தெலும்பு பெருமளவு அழிந்தது. அதே உணவுடன் ஆலிகோஃபிரக்டோஸ் என்ற நார்ச்சத்தும் பெற்ற எலிகளின் குருத்தெலும்போ, ஒல்லியான எலிகளுடையதைப் போலவே இருந்தது. அவற்றின் எடை குறையவில்லை. குடலில் பிஃபிடோபாக்டீரியங்கள் என்ற நல்ல பாக்டீரியாக்கள்தான் பெருகியிருந்தன.

மனிதர்களிடம் சான்று இந்த அளவுக்கு உறுதியாக இல்லை. நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் 1,427 பேரை ஆராய்ந்து 2019-இல் வெளியான முடிவு, குடலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா வகை அதிகமாக இருப்பதற்கும் முட்டி வலிக்கும் தொடர்பு உண்டு என்றது. எது காரணம், எது விளைவு என்று இதிலிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. எனவே, நல்ல பாக்டீரியாக்களை அடைத்து விற்கும் ‘மூட்டுக்கான புரோபயாடிக்’ மாத்திரைகளுக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

நார்ச்சத்தைக் கூட்டுவதில் தயக்கம் வேண்டாம். பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 7 கிராம் கிடைக்கும். வெங்காயம், பூண்டில் உள்ள இன்யூலின் என்ற நார்ச்சத்து ஆலிகோஃபிரக்டோஸுக்கு நெருங்கிய உறவு. ஒரே நாளில் அளவை இரட்டிப்பாக்கினால் நொதித்தலில் வாயு பெருகி வயிறு உப்பும். பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அன்றாட அளவை வாரத்துக்கு 5 கிராம் வீதம் கூட்டி, தண்ணீரும் கூடுதலாகக் குடியுங்கள். எரிச்சல் குடல் நோய் (ஐபிஎஸ்) உள்ளவர்களுக்கு வெங்காயம், பூண்டு, பயறு வகைகள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்கட்டும். முட்டியைத் தாங்கும் தொடைத் தசைகளுக்கான பயிற்சியை மட்டும் யாரும் நிறுத்தக் கூடாது: போன குருத்தெலும்பை எந்த நார்ச்சத்தும் திரும்ப வளர்க்காது.