சாவான பாவம்

கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் பாட்டிக்கு, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகாமல் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவது சாவான பாவம். புதுநன்மை வகுப்பில், அதாவது முதல் நற்கருணை வாங்கத் தயாராக்கும் வகுப்பில், உபதேசியார் இதையே இன்னும் அழுத்திச் சொன்னார்: சாவான பாவத்தோடு கண் மூடினால் நேரே நரகம். செய்தவன் சீக்கிரம் செத்துப்போவான் என்பதுதான் இதன் பொருள் என்று நான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் இரவில் தூங்கப் பயப்படுவதற்கு அது போதும்.

பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்ட என் சித்தி ஒருநாள் கேட்டார்: “தம்பி, இந்த சாவான பாவம்ங்கிறது வேதத்துல எங்கப்பா இருக்கு? நீங்களா வச்சுக்கிட்டதுதானே?” அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் பார்த்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சொல்லின் வேர் வேதத்தில் இருக்கிறது. யோவானின் முதல் திருமுகம், 5-ஆம் அதிகாரம், 16, 17 வசனங்கள். சித்தி கையில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு, “அநீதியெல்லாம் பாவந்தான்; என்றாலும் மரணத்துக்கு ஏதுவல்லாத பாவமுமுண்டு” என்கிறது. அதற்கு முந்தைய வசனத்தில் ‘மரணத்துக்கு ஏதுவான பாவம்’ வருகிறது. கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்த 1995-ஆம் ஆண்டுத் திருவிவிலியம் அதையே ‘சாவுக்குரிய பாவம்’ என்று எழுதுகிறது. கிரேக்க மூலத்தில் இருப்பது ‘ஹமார்த்தியா ப்ரோஸ் தானடோன்’. ‘ப்ரோஸ்’ என்றால் ஒன்றை நோக்கி, ஒன்றன் பக்கமாக என்று பொருள். ஆக, சாவை நோக்கிப் போகும் பாவம். ‘ஏதுவான’ என்ற பழைய மொழிபெயர்ப்புதான் இதற்கு மிக அருகில் வருகிறது என்பது என் கருத்து.

அப்புறம் ‘சாவான’ எங்கிருந்து வந்தது? லத்தீனிலிருந்து. யோவானின் வரியை லத்தீன் விவிலியம் ‘சாவுக்கு’ என்றே மொழிபெயர்த்தது. ஆனால் இறையியலாளர்கள் அதைச் சுருக்கி, ‘பெக்காத்தும் மோர்த்தாலே’ என்று பெயரடையாக்கிவிட்டார்கள். சாவின் தன்மை கொண்ட பாவம். அதைத் தமிழில் கொண்டுவந்தவர்கள் சாவு + ஆன = சாவான என்று அமைத்தார்கள். பொன்னான நேரம், தேனான பேச்சு என்பது போல. நேரமே பொன், பேச்சே தேன். அப்படியே இங்கே பாவமே சாவு. தண்டனையாகச் சாவு பின்னால் வரும் என்பதல்ல, பாவம் நடக்கிற அந்த இடத்திலேயே ஒன்று செத்துவிடுகிறது என்று இந்தச் சொல் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் இது நல்ல ஆக்கம்தான். எனக்குச் சொல்லித்தந்தவர்கள் இந்த ‘ஆன’வை மட்டும் விளக்கியிருந்தால் போதும், அந்தப் பயம் வந்திருக்காது.

சரி, எது சாகிறது? கத்தோலிக்கப் போதனையின்படி, ஆன்மாவில் கடவுள் தந்த அருளும் அன்பும். பழைய செபப்புத்தகத் தமிழில் ‘தேவ இஷ்டப்பிரசாதம்’. இதை எனக்குப் புரியவைத்தது லூக்கா 15-ஆம் அதிகாரத்துத் தகப்பன்தான். சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போன மகன் திரும்பி வந்ததும், “என் குமாரனாகிய இவன் மரித்தான், திரும்பவும் உயிர்த்தான்” என்கிறார். அந்த மகன் சாகவே இல்லை. தூரதேசத்தில் பன்றி மேய்த்துக்கொண்டிருந்தான். ஆனாலும் அப்பாவின் வாயில் வருகிற சொல் ‘மரித்தான்’. நம் ஊரில் இதற்கு ஒரு பேச்சு உண்டு: தலைமுழுகிவிட்டான். உறவை அடியோடு அறுத்தவனைப் பற்றி அப்படிச் சொல்வோம். அந்தச் சொல்லே சாவு வீட்டிலிருந்து வந்ததுதான். நம் வீடுகளில் பெரும்பாலும் பெற்றவர்கள்தான் பிள்ளையைத் தலைமுழுகுவார்கள். இந்தக் கதையில் பிள்ளை தகப்பனைத் தலைமுழுகுகிறான். தகப்பனோ கடைசிவரை முழுகவில்லை, வழியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சாவான பாவம் என்றால் இதுதான்.

சாவான பாவம், அன்றாடச் சிறு பாவம் என்ற பாகுபாடு யாரோ அறைக்குள் உட்கார்ந்து யோசித்துச் செய்தது அல்ல. ஒரு நெருக்கடியில் பிறந்தது. கி.பி. 250-ல் ரோமப் பேரரசர் டெசியஸ், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்று வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். கிறிஸ்தவர்களில் சிலர் மறுத்து உயிரை விட்டார்கள். பலர் பலியிட்டார்கள். இன்னும் சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்று மட்டும் வாங்கிவைத்துக்கொண்டார்கள். கலகம் ஓய்ந்ததும் இவர்கள் எல்லாம் திரும்பி வந்து சபை வாசலில் நின்றார்கள். இவர்களைச் சேர்ப்பதா, வேண்டாமா? அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே கார்த்தேஜின் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், விக்கிரக ஆராதனை, கொலை, விபசாரம் போன்றவற்றைத் திருச்சபை மன்னிக்கவே கூடாது என்று கடுமையாக எழுதியிருந்தார். ரோமில் நொவாசியன் என்ற குரு அதே பிடிவாதத்தோடு தனிக்கூட்டம் சேர்த்தார். கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியானும் அவரோடு 251-ல் கூடிய ஆயர்களும், நீண்ட தவம் செய்தபின் திரும்பலாம் என்று வழி திறந்தார்கள். அதே சிப்பிரியான் 258-ல் தன் விசுவாசத்துக்காகத் தலை வெட்டப்பட்டு இறந்தார். மன்னிப்புக்கு வாதாடியவர் கோழை அல்ல என்பதால் இதைச் சொல்கிறேன்.

எது உறவை அறுக்கும் பாவம், எது அன்றாடம் வரும் பாவம் என்ற பிரிவு அந்தக் காலத்தில் நடைமுறைத் தேவையாக இருந்தது. அன்றாடச் சிறு பாவங்கள் ‘எங்கள் பாவங்களை மன்னியும்’ என்ற தினசரி செபத்தாலேயே கழுவப்படுகின்றன என்று அகுஸ்தீன் எழுதினார். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இதைத் தெளிவாக வகுத்தார். போய்ச் சேர வேண்டிய ஊரையே விட்டு வேறு பக்கம் திரும்பிவிடுவது ஒன்று. அந்த ஊரை நோக்கியே நடந்தாலும் வழியில் சுணங்குவது இன்னொன்று. உடம்புக்கு வரும் நோயிலும் உயிரின் ஆதாரத்தையே அழிப்பது உண்டு, ஆதாரம் இருக்கிறபடியால் ஆறிவிடுவதும் உண்டு என்றார். 1551-ல் கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கமான திரெந்து சங்கம், ஒவ்வொரு சாவான பாவத்தையும் அதன் வகையும் எண்ணிக்கையும் சொல்லி அறிக்கையிட வேண்டும் என்று விதித்தது. 1563-ல் அந்தச் சங்கம் முடிந்து 20 ஆண்டுகூட ஆகாத 1580-ல் கொச்சியில் ஒரு தமிழ் நூல் அச்சானது. இயேசு சபையின் அண்டிரிக் அடிகளார் செய்த ‘கொம்பெசியோனாயரு’. பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடுதல், செய்வதற்கான வழிகாட்டி. தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களில் ஒன்றே பாவத்தை எப்படி எடுத்துச் சொல்வது என்பதைப் பற்றியது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி ஒரு பாவம் சாவானதாக மூன்று நிபந்தனை வைக்கிறது: செயல் கனமானதாக இருக்க வேண்டும், அது கனமானது என்று முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் மனமொப்பிச் செய்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான். பயம், பழக்கம், மனநோய், வெளியார் நெருக்கடி இவையெல்லாம் பொறுப்பைக் குறைக்கும். செயல் கனமானது என்று நாம் தீர்ப்புச் சொல்லலாம், ஆனால் ஆளைக் கடவுளின் நீதிக்கும் இரக்கத்துக்கும் விட்டுவிட வேண்டும் என்றும் அதே மறைக்கல்வி சொல்கிறது. காய்ச்சலில் பூசையைத் தவறவிட்டுவிட்டு அழுத எங்கள் பாட்டிக்கு இதை யாராவது வாசித்துக் காட்டியிருக்கலாம்.

இன்னொன்றையும் இதோடு குழப்பிக்கொள்கிறோம். அகங்காரம், கோபம், காய்மகாரம் என்று வரும் ஏழும் சாவான பாவங்கள் அல்ல, தலையான பாவங்கள். லத்தீனில் ‘காப்புத்’ என்றால் தலை. மற்ற பாவங்கள் அவற்றிலிருந்து கிளைப்பதால் அந்தப் பெயர். ஒரு நிமிடக் கோபம் தலையான பாவத்தைச் சேர்ந்ததுதான். அதற்காக அது சாவானது ஆகிவிடாது.

இப்போது சித்தியின் பக்கம். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தக்காரர்கள் இந்தப் பிரிவை ஏன் தள்ளினார்கள்? “பாவத்தின் சம்பளம் மரணம்” என்று பவுல் எழுதியிருக்கும்போது, சாவு வராத பாவம் என்று ஒன்று எப்படி இருக்கும்? எல்லாப் பாவமும் தன்னளவில் மரணத்துக்கு ஏதுவானதே என்றார் அந்தச் சீர்திருத்தக்காரர்களில் ஒருவரான கால்வின். விசுவாசிகளின் பாவம் மன்னிக்கப்படுவது அது சிறியது என்பதால் அல்ல, கடவுள் இரங்குவதால். இதில் பெரிய நேர்மை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் ‘எல்லாப் பாவமும் சமம்’ என்று இன்று பிரசங்கத்தில் கேட்கிறோமே, அது கால்வின் மரபின் போதனை அல்ல. அந்த மரபின் போதனை நூலான வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடை, சில பாவங்கள் கடவுள் பார்வையில் மற்றவற்றைவிடக் கொடியவை என்று சொல்லிவிட்டு, அடுத்த விடையிலேயே ஒவ்வொரு பாவமும் கோபாக்கினைக்குத் தகுந்தது என்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அப்படியானால் பாவத்தால் இரட்சிப்பு போய்விடுமா? அங்கேயே ஒத்த கருத்து இல்லை. 1618–19-ல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய கால்வின் மரபினரின் சங்கம், கடவுளால் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் விழலாம், ஆனால் முடிவாகக் கெட்டுப்போக மாட்டார்கள் என்று அறிவித்தது. “ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை” என்ற யோவான் நற்செய்தி வசனம் அவர்களுக்குப் பலம். லுத்தரன் சபையின் 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையோ, நீதிமானாக்கப்பட்டவர் பரிசுத்த ஆவியை இழக்கவே முடியாது என்பாரைக் கண்டிக்கிறது. வெஸ்லியின் மெதடிஸ்ட் மரபும் விழுந்துபோகலாம் என்றே சொல்கிறது. எபிரெயர் 6-ஆம் அதிகாரத்தையும் “கிருபையினின்று விழுந்தீர்கள்” என்ற கலாத்தியர் வசனத்தையும் இவர்கள் காட்டுவார்கள். 1947-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் ஆங்கிலிக்கர், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் எல்லாரும் ஒன்றானார்கள் என்பதால், ஒரே கூரையின் கீழ் இரண்டு நம்பிக்கையும் பக்கத்துப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன.

சித்தியும் நானும் மணிக்கணக்காகப் பேசியும் சந்திக்காததற்குக் காரணம் சொல்தான். அவர் ‘இரட்சிப்பை இழப்பது’ என்பார். ‘இரட்சிக்கப்பட்டேன்’ என்று தேதியோடு சாட்சி சொல்கிறவர் அவர்; அது ஏற்கெனவே கைக்கு வந்த ஒன்று. கத்தோலிக்கப் பேச்சில் ‘அருள்நிலையை இழத்தல்’தான் உண்டு. மீட்பு, அதாவது சித்தி சொல்லும் இரட்சிப்பு, கடைசி மூச்சுவரை நம்பிக்கையோடு எதிர்பார்க்கும் ஒன்றும்கூட. அருள்நிலை போனாலும் விசுவாசம் போய்விட வேண்டியதில்லை என்று திரெந்து சங்கமே 1547-ல் சொல்லியிருக்கிறது. திரும்பி வர அந்த இழை போதும். சித்தியின் சபையில் இதற்குச் சமமாக ஒரு சொல் புழங்குகிறது: பின்மாற்றம். பின்மாற்றத்தில் போனவன் திரும்பி வந்து அழுது ஜெபித்தால் சபை ஏற்கிறது. பெயர்தான் வேறு, அவர்களும் அந்தத் தகப்பனின் வாசலில்தான் நிற்கிறார்கள்.

சாவான பாவத்தின் ஜோடிச் சொல்லைப் பற்றித்தான் எனக்கு மனக்குறை. அதை ‘அற்பப் பாவம்’ என்கிறோம். லத்தீனில் அது ‘வேனியாலே’. ‘வேனியா’ என்றால் மன்னிப்பு. சிறியது என்ற பொருள் அதில் இல்லை. வடமொழி ‘அல்ப’த்திலிருந்து வந்த அற்பத்துக்குத் தமிழில் இழிவும் ஒட்டிக்கொண்டது. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்போம். அற்பப் பாவம் என்றதும் ‘அட, அதெல்லாம் ஒரு பாவமா’ என்று மனம் தள்ளிவிடுகிறது. பழிச்சொல், சிறு பொய், வேலைக்காரரிடம் காட்டும் முகச்சுளிப்பு எல்லாம் அந்த வாசல் வழியாகத் தப்பிவிடுகின்றன. ‘மன்னிக்கத்தக்க பாவம்’ என்று மாற்றலாமா? அப்போது மற்றது மன்னிக்க முடியாதது என்று ஆகிவிடும். அது அதைவிடப் பெரிய தவறு. சாவான பாவமும் மன்னிக்கப்படும்.

‘ஹமார்த்தியா’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு அடியில் இருப்பது குறி தப்புதல். எபிரேயத்திலும் அப்படியே. நியாயாதிபதிகள் நூலில் பென்யமீன் குலத்து 700 இடதுகைக்காரர்கள் மயிரிழையும் தப்பாமல் கவண்கல் எறிவார்கள் என்று வரும் இடத்தில், அந்தத் ‘தப்பு’வும் பாவத்துக்கான எபிரேய வினையும் ஒன்றே. தமிழில் இதற்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். தப்பு, தவறு, பிழை மூன்றும் குற்றத்தையும் குறிக்கும், குறி தவறுவதையும் குறிக்கும். “கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது” என்ற குறளில் ‘பிழைத்த’ என்றால் குறி தவறிய.

அந்த மூன்றில் ‘பிழை’யைத்தான் அற்பப் பாவத்தின் இடத்தில் வைக்கச் சொல்வேன். பிழை என்றதும் ‘பொறுத்தல்’ கூடவே வந்துவிடுகிறது. பிழை பொறுத்தருள்க என்றுதானே வேண்டுகிறோம். லத்தீனின் ‘வேனியா’ அதில் தானாகவே இருக்கிறது. அதோடு, நோயில் கிடந்தவர் உயிரோடு எழுந்தால் ‘பிழைத்துக்கொண்டார்’ என்கிறோம். குறி தவறியது, ஆனாலும் உயிர் இருக்கிறது. யோவான் ‘மரணத்துக்கு ஏதுவல்லாத பாவம்’ என்று சுற்றிச் சொன்னதை இந்த ஈரெழுத்துச் சொல் சொல்லிவிடுகிறது. சாவான பாவம், பிழை. புதுநன்மைக்குத் தயாராகும் என் அக்கா மகளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.