காணாக்கடியா, கொரோனாத் தடிப்பா?

காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள் வயிற்றிலும் தொடையிலும் திட்டுத் திட்டாகத் தடித்து அரித்தால், வண்ணாரப்பேட்டையிலோ காசிமேட்டிலோ வீட்டுப் பெரியவர்கள் முதலில் சொல்வது ‘காணாக்கடி’ என்பதுதான். பெயர் பொருத்தமானது, ஏனென்றால் உண்மையிலேயே எதுவும் கடிப்பதில்லை. தோலுக்குள் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் தூண்டப்பட்டு, ஹிஸ்டமைன் என்ற ரசாயனத்தைக் கொட்டுகின்றன. அது பட்டதும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து, அவற்றின் சுவர் வழியாக நீர் கசிகிறது. அந்த நீர்தான் தடிப்பாகத் தெரிகிறது. நரம்பு முனையில் ஹிஸ்டமைன் படுவதுதான் அரிப்பு. கிருமித் தொற்று, மாத்திரை, உணவு என்று எதுவும் இதைத் தூண்டிவிடலாம். கொரோனாவும் அப்படித்தான்.

ஆனால் கொரோனாவில் வருவது இந்த ஒரு வகைத் தடிப்பு மட்டுமல்ல. 2020-இல் ஸ்பெயின் தோல் மருத்துவர்கள் 375 நோயாளிகளின் தோலைப் பார்த்து ஐந்து வகையாகப் பிரித்தார்கள். தட்டம்மை போலச் சிறு புள்ளிகளும் மேடுகளும் கலந்து வந்தது 47 சதவீதம். காணாக்கடி 19 சதவீதம். கால் விரல்கள் கருஞ்சிவப்பாக வீங்குவதும் 19 சதவீதம். சின்னம்மை போன்ற நீர்க்கொப்புளம் 9 சதவீதம். தோலில் வலைபோல் ஊதா நிறம் ஓடுவதோ, திசு கறுத்துச் சாவதோ 6 சதவீதம். முதல் நான்கும் பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். ஐந்தாவதுதான் ஆபத்தானது. அங்கே தோலின் சிறு குழாய்களில் ரத்தம் உறைந்திருக்கலாம், அந்த நோயாளிகளுக்கு நோயும் கடுமையாகவே இருந்தது. கால் விரல் வீக்கம் பெரும்பாலும் ஐரோப்பாவில், இளம் வயதினரிடம் பதிவானது. கிருமியை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் அளவு மீறுவது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

தடிப்பின் வடிவத்தை மட்டும் வைத்து ‘இது கொரோனா’ என்று யாராலும் சொல்ல முடியாது. அது எப்போது வந்தது, அழுத்தினால் மறைகிறதா என்ற இரண்டு கேள்விகள்தான் உதவும்.

அழுத்திப் பார்க்கக் கண்ணாடி டம்ளர் ஒன்று போதும். அடிப்பாகம் தெளிவாக இருக்கும் டம்ளரைத் தடிப்பின் மேல் வைத்து அழுத்தி, அதன் வழியாகப் பாருங்கள். நிறம் மறைந்தால் ரத்தம் குழாய்க்குள்தான் இருக்கிறது. மறையாமல் புள்ளியாகவே நின்றால் ரத்தம் வெளியே கசிந்திருக்கிறது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் மாநிறத் தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. பழுப்பாகவோ ஊதாவாகவோ, சில நேரம் வெறும் கறுப்பாகவோதான் தெரியும். அதனால் நிறத்தை விட மேட்டை நம்புங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் சிறு தடிப்புக்கும் நிழல் விழும். உள்ளங்கையையும் உள்ளங்காலையும் தவறாமல் பாருங்கள்.

காணாக்கடிதானா என்று அறிய ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குள் அந்த இடம் தழும்பில்லாமல் அடங்கி, வேறு இடத்தில் புதிதாக எழும்பினால் காணாக்கடிதான். அதே இடத்தில் ஒரு நாளுக்கு மேல் நின்று, அரிப்பை விட எரிச்சலும் வலியும் கூடுதலாக இருந்து, ஆறும்போது கன்றிய தடம் விட்டால் ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

வடசென்னையில் குழப்புவதற்கு வேறு சில ஆட்களும் உண்டு. மே மாதப் புழுக்கத்தில் கழுத்திலும் முதுகிலும் வருவது பெரும்பாலும் வேர்க்குருதான். ஐஸ் சரியாகப் போடாத சூரை, கானாங்கெளுத்தி மீனில் பாக்டீரியாவே ஹிஸ்டமைனை உண்டாக்கிவிடும். எவ்வளவு கொதித்த குழம்பிலும் அது அழியாது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து உடம்பெல்லாம் தடித்தால் கொரோனாவைத் தேட வேண்டாம், தட்டில் இருந்த மீனை நினைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் டெங்குதான் முதல் கவலை. சிவந்த பரப்புக்கு நடுவே வெள்ளைத் தீவுகள் போல் தோல் தெரிவது அதன் அடையாளம். காய்ச்சல் குறையும் நேரமே அதில் ஆபத்தான நேரம். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் மட்டும் போதும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வேண்டாம். இவற்றோடு, புதிதாகத் தொடங்கிய மாத்திரையால் 4 முதல் 14 நாளில் வரும் தடிப்பும் உண்டு. கொரோனாவுக்கு ஆன்டிபயாடிக் போட்டவர்களிடம் கிருமி காரணமா மருந்து காரணமா என்று பிரிப்பது மருத்துவருக்கே கடினம்.

அரிப்பைத் தணிக்க, பெரியவர்கள் செட்டிரிசின் 10 மில்லிகிராம் ஒன்று இரவில் போடலாம். தூக்கம் வரும், அதனால் வண்டி ஓட்டக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகளுக்கு அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கலமைன் லோஷனை நன்றாகக் குலுக்கி, பஞ்சில் தொட்டு ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தோல் உடைந்த இடத்தில் அது வேண்டாம். குளியல் வெதுவெதுப்பான நீரில், 10 நிமிடத்துக்குள். வெந்நீர் குழாய்களை இன்னும் விரித்து அரிப்பைக் கூட்டும். தோல் வறண்டிருந்தால் துவட்டி ஈரம் காயும் முன் வாசலின் தடவலாம். வேர்க்குருவின் மேல் மட்டும் அதைப் பூசாதீர்கள், அடைபட்ட வியர்வைத் துளை இன்னும் அடைபடும்.

இங்கே பெரிய கெடுதல் செய்வது மருந்துக்கடையில் ‘ஒரு டியூப் குடுங்க’ என்று கேட்டு வாங்கும் கிரீம். பல டியூப்களில் குளோபெட்டசால் என்ற மிக வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்தோடும் ஆன்டிபயாடிக்கோடும் கலந்திருக்கிறது. போட்ட இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், அதனால்தான் நம்பிவிடுகிறோம். அங்கே இருந்தது படர்தாமரை என்றால், ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்கிவிட, பூஞ்சை தங்கு தடையின்றிப் பரவி அடையாளமே மாறிப்போகும். முகத்திலும் தொடை இடுக்கிலும் தோல் மெலிந்து வரிவரியாகக் கிழியும், அந்த வரி போகாது. மருத்துவர் ஸ்டீராய்டு எழுதித் தந்தால் அளவு இதுதான்: ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரையிலான நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குப் போதும்.

கொப்புளம் கண்டதும் ‘அம்மா இறங்கியிருக்கா’ என்று வேப்பிலை கட்டுவதில் குற்றமில்லை. அரைத்த மஞ்சளை மட்டும் பூச வேண்டாம். நிறம் மறைந்து மருத்துவரால் படிக்க முடியாது, உடைந்த தோலும் எரியும்.

உதடோ நாக்கோ வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். வாயும் கண்ணும் புண்ணாகித் தோல் உரிந்தால் போட்ட மருந்தை நிறுத்திவிட்டு உடனே ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தைக்குக் கொரோனா வந்து 2 முதல் 6 வாரத்துக்குள் மறுபடி காய்ச்சல், தடிப்பு, சிவந்த கண், வெடித்த உதடு, வயிற்று வலி சேர்ந்து வந்தால் இதயத்தையும் தாக்கும் அழற்சியாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தடிப்பு எழும்பியிருக்கும்போதே பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துவையுங்கள், மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் காணாக்கடி அடங்கிவிடும். கடந்த ஆறு வாரத்தில் போட்ட மாத்திரை அட்டைகளையும், காலியானவை உட்பட, கையோடு எடுத்துப் போங்கள்.