கியூப சோன் நடனம்: ஒன்றில் காத்திருந்து நான்கில் ஊன்றுதல்

கியூபாவின் சோன் நடனத்தைக் கற்க வருகிறவர்களில் பலர் அதன் அடிப்படைக் கால்வைப்பை முதல் வகுப்பிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். பக்கவாட்டில் சிறியதாக மூன்று அடிகள், பிறகு ஒரு நிறுத்தம், மறுபக்கம் மூன்று அடிகள், மீண்டும் ஒரு நிறுத்தம் என்பதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. பாட்டு ஒலிக்கத் தொடங்கிய பிறகுதான் சிக்கல் வருகிறது. கால்கள் எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது பிடிபடாமல், இணையின் முகத்தையும் ஆசிரியரின் காலையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "எனக்குத் தாள உணர்வே கிடையாது" என்று தாங்களாகவே முடிவுகட்டி, பாதியில் விலகிவிடுகிறவர்களை நடன ஆசிரியர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். அந்த முடிவு பெரும்பாலும் தவறானது. அவர்கள் தாளத்தைக் கேட்கத்தான் செய்கிறார்கள். ஆனால் இந்த இசையை நான்கு நான்காக எண்ணும்போது பாட்டில் 'ஒன்று' எங்கே விழுகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். சோன் இசையில் தாழ்ந்த, கனமான ஒலிகள் ஒன்றாம் எண்ணில் விழுவதில்லை. அவை நான்காம் எண்ணில் விழுகின்றன. இந்த ஒரு செய்தியைக் காதும் காலும் ஏற்றுக்கொள்ளாத வரை, எத்தனை சுழற்சிகளைக் கற்றாலும் ஆட்டம் பாட்டின்மேல் ஒட்டாது.

சோன், கியூபாவின் கிழக்குப் பகுதியில், குவாண்டனாமோ, பராக்கோவா, சாந்தியாகோ தே கியூபா ஆகிய ஊர்களை ஒட்டிய நாட்டுப்புறங்களில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருப்பெற்றது. ஸ்பெயினிலிருந்து வந்த கிட்டார் மரபும் பாடல் வடிவங்களும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் தாள மரபும் அதில் ஒன்றுகலந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஹவானாவுக்குப் போய்ச் சேர்ந்தது. 1920களில் செக்ஸ்தெத்தோ ஹபனேரோ போன்ற குழுக்கள் அதை ஆறு கருவிகளோடு இசைத்துப் பதிவு செய்தன: இரட்டை இரட்டையாக மூன்று தொகுதித் தந்திகள் கொண்ட த்ரெஸ், கிட்டார், தாழ்ந்த ஒலி தரும் பேஸ், இரட்டை முரசான போங்கோ, கிலுகிலுப்பைகளான மராக்காஸ், தட்டுக்கட்டைகளான கிளாவே. 1927இல் இக்னாசியோ பின்யெய்ரோ தொடங்கிய செப்தெத்தோ நாசியோனால் போன்ற குழுக்களில் ட்ரம்பெட் ஏழாவதாக வந்து சேர்ந்தது. 1940களில் பார்வையற்ற த்ரெஸ் கலைஞரான ஆர்செனியோ ரோட்ரிகஸ் பியானோ, கொங்கா முரசு, ஒன்றுக்கு மேற்பட்ட ட்ரம்பெட்டுகள் ஆகியவற்றைச் சேர்த்துக் குழுவைப் பெரிதாக்கினார். பின்னாளில் சல்சா என்ற பெயரில் உலகம் கேட்ட இசைக்கு இந்தப் பெரிய குழுவின் ஒலி முக்கியமான அடித்தளம். இந்த வரலாறு நடனம் கற்பவருக்கு ஏன் வேண்டும் என்றால், ஒவ்வொரு புதிய கருவி சேரும்போதும் கேட்பதற்கு ஓர் அடுக்கு கூடிவிடுகிறது. காதுக்குப் பயிற்சி தேவைப்படுகிறவர், ஏழெட்டு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கும் சல்சாவிலிருந்து தொடங்காமல், ஆறேழு கருவிகள் தனித்தனியாகக் காதில் விழும் சோனிலிருந்து தொடங்குவது நல்லது.

அந்தக் கருவிகளில் முதலில் கேட்க வேண்டியது பேஸ். கிழக்குக் கியூபாவின் நாட்டுப்புறக் குழுக்களில் பேஸின் வேலையை மரிம்புலா என்ற கருவி செய்தது. உலோக நாக்குகள் பொருத்திய மரப்பெட்டி அது, அதன்மேல் உட்கார்ந்து விரல்களால் மீட்டுவார்கள். சில குழுக்களில் மண்சாடியின் வாயில் ஊதிக் கனத்த ஒலி எழுப்பினார்கள். பிறகு நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸ் வந்தது. சோனில் நிலைபெற்ற பேஸ் நடை இதுதான்: நான்கு எண்கள் கொண்ட ஒரு சுற்றில், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவிலுள்ள அரை இடத்தில் ஒரு முறை, நான்கில் ஒரு முறை என இரண்டே இரண்டு தடவை தந்தி அதிர்கிறது. நான்கில் எழுந்த ஒலி, அடுத்த சுற்றின் ஒன்றைக் கடந்து நீண்டு ஒலிக்கிறது. ஒன்றில் புதிதாக எதுவும் மீட்டப்படுவதில்லை. இதைவிட முக்கியமான ஒரு நுட்பமும் இதில் இருக்கிறது. நான்கில் மீட்டப்படும் அந்தச் சுரம் பெரும்பாலும் அடுத்த சுற்றுக்குரிய கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டை, சேர்ந்தது. அதாவது இசையின் நிறம் மாறுவதை பேஸ் ஓர் எண் முன்னதாகவே அறிவித்துவிடுகிறது. அதனால்தான் சோனைக் கேட்கும்போது யாரோ முன்னால் இழுத்துக்கொண்டே போவதுபோல் ஓர் உணர்வு வருகிறது. ஒன்றைத் தேடும் காது இந்த முன்னறிவிப்பையே ஒன்று என்று எடுத்துக்கொண்டு, ஓர் எண் முந்திக் காலை வைத்துவிடுகிறது.

நான்கை அழுத்துவது பேஸ் மட்டுமல்ல. போங்கோவில் சிறியது, பெரியது என இரண்டு முரசுகள் உண்டு. போங்கோ கலைஞர் முழங்கால்களுக்கிடையே அவற்றை இடுக்கிக்கொண்டு, ஒரு சுற்றுக்கு எட்டுச் சிறு தட்டுகளாக இடைவிடாமல் வாசிக்கும் நடைக்கு ஸ்பானிய மொழியில் மார்த்தீயோ, அதாவது சுத்தியல், என்று பெயர். அந்த எட்டில் பெரும்பாலான தட்டுகள் சிறிய முரசின்மேல் விரல்நுனியால் விழுகின்றன. ஒன்றிலும் மூன்றிலும் கூர்மையான அழுத்தம் உண்டு. ஆனால் பெரிய முரசு திறந்து முழங்குவது நான்கில்தான். பின்னாளில் சேர்ந்த கொங்காவின் வழக்கமான நடையிலும், இரண்டில் வறண்ட ஓர் அறை விழுந்தபின், நான்கிலும் அதையடுத்த அரை இடத்திலும் திறந்த முழக்கம் வருகிறது. ஆக, குழுவில் யார் யார் தாழ்ந்த குரலில் பேசுகிறார்களோ அவர்கள் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் காட்டுகிறார்கள்.

சோன் ஆட்டக்காரரின் கால் இதோடு எப்படிச் சேர்கிறது என்பதை இப்போது பார்க்கலாம். இரண்டு சுற்றுகளைச் சேர்த்து எட்டாக எண்ணினால், இரண்டு, மூன்று, நான்கில் அடிகள்; ஐந்தில் நிறுத்தம்; ஆறு, ஏழு, எட்டில் அடிகள்; ஒன்றில் நிறுத்தம். கியூபாவில் இதை கோன்த்ராதியெம்போ என்பார்கள். ஒவ்வொரு மூன்றடித் தொகுதியின் கடைசி அடியும், அதாவது நான்கும் எட்டும், பேஸ் மீட்டப்படும் இடத்திலேயே தரையில் பதிகிறது. அந்த அடியில்தான் உடலின் எடை முழுவதும் காலுக்கு மாறுகிறது. அதற்கடுத்து ஐந்தில் அல்லது ஒன்றில், எடையைத் தாங்கிய முழங்கால் மெல்ல நிமிர்கிறது, மற்றக் கால் தரையை விட்டு அதிகம் எழாமல் அருகே வந்து சேர்கிறது. பேஸின் ஒலி ஒன்றைக் கடந்து நீள்வதைப் போலவே உடலின் அசைவும் ஒன்றைக் கடந்து நீள்கிறது. புதியவர்களின் நிறுத்தத்தை உற்றுப் பார்த்தால் பிழை உடனே தெரிந்துவிடும்: அவர்கள் ஒன்றில் விறைத்து நிற்பார்கள், மூச்சையும் பிடித்துக்கொள்வார்கள், பிறகு இரண்டில் திடுக்கிட்டுக் கிளம்புவார்கள். எண்ணிக்கை சரியாகவே இருக்கும். எடை மட்டும் நான்கில் இறங்கியிருக்காது. பாதி எடை பழைய காலிலேயே தங்கியிருக்கும்.

சல்சா ஆடிப் பழகியவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. பல ஊர்ச் சல்சா வகுப்புகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று தொடங்கி நான்கில் நிற்கப் பழக்குகிறார்கள். கியூபாவின் காசினோ நடனத்தையும் பலர் அவ்வாறே ஆடுகிறார்கள்; அது பிழையன்று. ஆனால் அந்தப் பழக்கத்தோடு சோனுக்கு வருகிறவரின் கால், பேஸ் பேசும் இடத்தில் சும்மா இருக்கவும், பேஸ் மௌனமாக இருக்கும் இடத்தில் கிளம்பவும் பழகியிருக்கிறது. அதை எண்ணிக்கையால் மாற்ற முயன்றால் வாரக்கணக்கில் ஆகும். கேட்பதன் வழியாக மாற்றினால் விரைவில் மாறிவிடுகிறது என்பதே என் அனுபவம். மிருதங்கமோ பரதமோ பயின்று வருகிறவர்களுக்கும் இதே போன்ற தடை ஒன்றுண்டு. சமத்தில், அதாவது தாளத்தின் முதல் எண்ணில், வந்து சேர்வதுதான் நிறைவு என்று அவர்களுடைய உடல் பழகியிருக்கும். அவர்களிடம் அதீத எடுப்பை நினைவுபடுத்தினால் போதும். தாளம் தொடங்குமுன்பே பாட்டு தொடங்கிவிடும் அந்த அமைப்பை அறிந்தவர்கள், பேஸ் ஒன்றுக்கு முன்பாகவே வந்து நிற்பதை மற்றவர்களைவிட எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

கிளாவேயைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இரண்டு கட்டைகளைத் தட்டி எழுப்பும் ஐந்து ஒலிகள்தான் இந்த இசையின் சாவி என்று இணையக் காணொளிகள் எல்லாம் சொல்கின்றன. இசைக் கலைஞருக்கு அது மெய்தான். ஒரு சுற்றில் மூன்று தட்டுகள், அடுத்ததில் இரண்டு. மூன்று முதலில் வரும் வகையில் அவை ஒன்று, இரண்டரை, நான்கு, ஆறு, ஏழு ஆகிய இடங்களில் விழுகின்றன. ஆனால் நடனம் கற்பவர் முதல் மாதத்திலேயே கிளாவேயைத் துரத்துவதை நான் ஊக்குவிப்பதில்லை. அது கடிகாரம்போல் சீராக விழாது. பாட்டுக்குப் பாட்டு இரண்டு தட்டுள்ள பக்கம் முதலில் வரவும் கூடும். பல பதிவுகளில் அதை யாரும் வெளிப்படையாகத் தட்டுவதே இல்லை. சோனின் மூத்த உறவான குவாண்டனாமோவின் சாங்குய் இசையில் கிளாவே கட்டைகளே இடம்பெறுவதில்லை, ஆனாலும் அங்கே மக்கள் விடியும்வரை ஆடுகிறார்கள். பேஸ் பிடிபட்ட பிறகு கிளாவே தானாக வந்து பொருந்தும். பேஸின் இரண்டு ஒலிகளும் கிளாவேயின் மூன்று தட்டுள்ள பக்கத்தின் கடைசி இரண்டு தட்டுகளோடு ஒன்றாகவே விழுகின்றன. இரண்டு தட்டுள்ள பக்கத்திலோ, ஆறிலும் ஏழிலும் வைக்கும் நம் கால்களே அந்தத் தட்டுகளோடு சேர்ந்துவிடுகின்றன.

பயிற்சியை உட்கார்ந்த நிலையிலேயே தொடங்கச் சொல்வது என் வழக்கம். ஆனால் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டுப் பழகாதீர்கள். அந்தச் சிறிய ஒலிபெருக்கியில் தாழ்ந்த ஒலிகள் ஏறக்குறைய காணாமற்போய்விடும். காதில் விழுவதெல்லாம் த்ரெஸும் ட்ரம்பெட்டும் மராக்காஸும் மட்டுமே. தாளம் பிடிபடவில்லை என்று வருந்துகிறவர்களிடம் முதலில் எதில் கேட்கிறீர்கள் என்றுதான் நான் விசாரிப்பேன். நல்ல ஹெட்போன் வேண்டும். 1920களின் பதிவுகளில் பேஸ் மங்கலாகத்தான் இருக்கும், ஆகவே கருவிகளின் உரையாடலைப் பழகிக்கொள்ள அவற்றையும், பேஸைத் தெளிவாகக் கேட்கப் செப்தெத்தோ எனப்படும் ஏழு கருவிக் குழுக்களின் பிற்காலப் பதிவுகளையும் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் பேஸை வாயால் முனக வேண்டும். சுரம் சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை, இடம் சரியாக வந்தால் போதும். முனகல் நிலைத்தபின் அதன் இரண்டாவது ஒலிக்கு மட்டும் ஒரு குதிகாலைத் தரையில் ஊன்ற வேண்டும். இப்போது எழுந்து, எண்ணாமல், நடந்தபடி அதே ஒலிக்கு ஒரு காலை ஊன்றிப் பார்க்க வேண்டும்; ஊன்றிய பிறகு உடல் நிமிர இடங்கொடுக்க வேண்டும். இரண்டு, மூன்று ஆகிய சிறிய அடிகளைக் கடைசியாகத்தான் சேர்க்க வேண்டும், நான்குக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியாக. பெரும்பாலான வகுப்புகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: முதலில் இரண்டு எங்கே என்று தேடவிட்டு, அங்கிருந்து புறப்படச் சொல்கின்றன. இரண்டு மிகவும் மெலிந்த இடம், சோனில் அதைத் தனியாகக் கேட்டுப் பிடிப்பது தேர்ந்தவர்களுக்கே எளிதன்று. ஆசிரியர் உரத்த குரலில் எண்ணுவதையும் கைதட்டுவதையும் சில நிமிடங்களுக்குமேல் நீட்டாமலிருப்பது நல்லது. அந்தக் குரல் இருக்கும்வரை மாணவர்கள் அதைத்தான் கேட்பார்கள், இசையைக் கேட்க மாட்டார்கள்.

பாட்டின் அமைப்பும் உதவிக்கு வருகிறது. சோன் பாடல்களில் முதற்பகுதி கதை சொல்வதுபோல் நிதானமாகப் போகும். பிறகு மொந்துனோ என்ற பகுதி தொடங்கும், அதில் குழுவினர் ஒரு சிறிய வரியைத் திரும்பத் திரும்பப் பாட, முதன்மைப் பாடகர் இடையிடையே புதிதாக இட்டுக்கட்டிப் பதில் பாடுவார். பெரும்பாலும் இந்த இடத்தில் போங்கோ கலைஞர் முரசை விட்டுவிட்டுக் கைமணியை எடுத்துக்கொள்கிறார். மணியின் அகன்ற வாயில் விழும் திறந்த ஓசை ஒன்றிலும் மூன்றிலும் ஓங்கி ஒலிக்கும். அதுவரை நான்கை நம்பி ஆடிக்கொண்டிருந்தவர்களில் சிலர் இந்த மணியைக் கேட்டதும் தடுமாறி அதன்மேல் கால் வைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது நமக்குச் சாதகமான அடையாளம்: மணி ஒன்றைச் சொல்லும்போது நம் எடை ஏற்கெனவே இறங்கியிருக்க வேண்டும், முழங்கால் நிமிர்ந்துகொண்டிருக்க வேண்டும். நின்ற இடத்தில் மணி கேட்டால் ஆட்டம் சரி. கிளம்பிய இடத்தில் மணி கேட்டால் ஓர் எண் முந்திவிட்டோம் என்று பொருள்.

இணையாக ஆடும்போது தாளம் கைகளைவிட மார்பின் வழியாகவே அதிகம் கடத்தப்படுகிறது. சோனில் மேலுடல் நிமிர்ந்திருக்கும், அடிகள் சிறியவை, இருவரும் நெருங்கி நின்று மெல்லச் சுற்றிவருவார்கள். வழிநடத்துகிறவரின் எடை நான்கில் தெளிவாக இறங்கினால், எதிரில் இருப்பவருக்கு எண்ணவே தேவையில்லை. இருவரில் ஒருவருக்குத் தாளம் தவறிவிட்டால், அவசரமாக ஒன்றிலிருந்து மீண்டும் தொடங்க முயல வேண்டாம். பிடியை விடாமல், அடிகளை நிறுத்திவிட்டு, பேஸ் இரண்டு சுற்றுகள் கடந்துபோகும்வரை நின்ற இடத்திலேயே முழங்கால்களை மட்டும் தளர்த்தி அசையுங்கள். அடுத்த நான்கில் ஒரே ஒரு காலை ஊன்றுங்கள், அதற்கடுத்த இரண்டில் புறப்படுங்கள். அரங்கில் யாரும் அதைத் தவறு என்று கவனிக்கப்போவதில்லை, ஏனெனில் நன்றாக ஆடுகிற கியூபர்களும் பாட்டின் நடுவே அப்படி நின்று கேட்பதுண்டு.