உங்கள் வெப்சைட் யார் பெயரில் இருக்கிறது?

ராமேஸ்வரம் சன்னதித் தெருவில் லாட்ஜ் நடத்துபவர், கீழக்கரையில் சங்குப் பொருள் விற்பவர், சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி அனுப்புபவர், மண்டபத்தில் கருவாட்டு வியாபாரம் செய்பவர் என்று பலரும் இப்போது வெப்சைட் வைத்திருக்கிறார்கள். முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, மிளகாய் வியாபாரிகளும் வெப்சைட் செய்து தரச் சொல்லி வந்து கேட்கிறார்கள். எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: டொமைன், அதாவது உங்கள் தளத்தின் பெயர், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது?

“அதெல்லாம் நமக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தர் பாத்துக்கிறாரு சார்.”

இந்தப் பதில்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. அந்தத் தம்பி பெரும்பாலும் நல்லவர்தான். தொடங்கும்போது கடைக்காரரிடம் ஈமெயில் இருந்திருக்காது, ஆன்லைனில் பணம் கட்டத் தெரிந்திருக்காது. அவசரத்துக்குத் தம்பி தன்னுடைய ஈமெயில், தன்னுடைய போன் நம்பர், தன்னுடைய கார்டு எல்லாவற்றையும் போட்டுப் பதிவு செய்துவிடுகிறார். அன்றைக்கு அது உதவி. ஆனால் பதிவு நிறுவனத்தின், அதாவது டொமைனைப் பதிவு செய்து கொடுக்கும் நிறுவனத்தின், கணக்கில் உரிமையாளர் அவர்தான். பணம் நீங்கள் கொடுத்தீர்கள் என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. விசைப்படகை ஓட்டுகிறவர் டிரைவராக இருக்கலாம், படகின் பதிவு அவர் பெயரிலா இருக்கிறது?

என்னிடம் வந்த ஒரு லாட்ஜ்காரரின் கதையைச் சொல்கிறேன். 2022 டிசம்பரில் பாம்பன் பழைய பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து அவருக்கு வியாபாரம் மந்தம். 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்து, ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை வர ஆரம்பித்ததும் வடக்கேயிருந்து புக்கிங் கூடியது. ஆடி அமாவாசை நெருங்கும் நேரத்தில் ஒரு நாள் தளம் திறக்கவில்லை. டொமைனின் ஆண்டுப் பதிவு முடிந்துபோயிருந்தது. நினைவூட்டல் கடிதங்கள் எல்லாம் தளத்தைச் செய்து கொடுத்தவரின் பழைய ஈமெயிலுக்குப் போயிருக்கின்றன. அவர் வேலைக்காக வெளிநாடு போய் இரண்டு வருடம் ஆகிறது. பழைய நம்பரும் வேலை செய்யவில்லை. உறவினர் மூலமாக அவரைத் தேடிப் பிடித்துப் பணம் கட்டுவதற்குள் அமாவாசைக் கூட்டம் வந்து போய்விட்டது. அந்தத் தம்பி ஏமாற்றவில்லை, மறந்துவிட்டார். நஷ்டம் என்னவோ லாட்ஜ்காரருக்குத்தான்.

இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விவரமாகத் தெரிந்துகொள்வது நல்லது. டாட் காம் போன்ற பெயர்களுக்கு விதி வகுப்பது ஐகேன் என்ற சர்வதேச அமைப்பு. காலம் முடிவதற்கு ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், முடிந்த பிறகு 5 நாளுக்குள் இன்னொரு முறையும் பதிவு நிறுவனம் உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் விதி. தெரிவிப்பது, பதிவில் உள்ள உரிமையாளருக்கு. அது நீங்கள் இல்லையென்றால் உங்களுக்கு ஒன்றும் வராது. காலம் முடிந்ததும் பெயர் உடனே போய்விடாது. நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்திலேயே புதுப்பிக்க வாய்ப்பு உண்டு. அதன்பின் நீக்கிவிட்டால், 30 நாள் மீட்புக் காலம். இதில் பெயரைத் திரும்ப எடுக்கலாம், ஆனால் வழக்கமான கட்டணத்தைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். அதையும் விட்டால் 5 நாள் கழித்துப் பெயர் பொதுவில் வந்துவிடும். யார் வேண்டுமானாலும் வாங்கலாம். சில நிறுவனங்கள் அதற்கு முன்பே ஏலத்தில் விட்டுவிடுகின்றன.

வாங்குகிறவர் வேறு தொழில்காரராக இருந்தால் பெயர் போனதோடு போகும். மோசடிக்காரராக இருந்தால் நிலைமை வேறு. அதே முகவரியில் ஒரு லாட்ஜ் படத்தைப் போட்டு, முன்பணம் வாங்கி, ஆளைக் காசியிலிருந்து கிளப்பிவிடுவார். குடும்பத்தோடு வந்து இறங்குகிறவர்கள் உங்கள் வாசலில்தான் சண்டை போடுவார்கள். அப்படி ஒன்று நடந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பணம் இழந்தவரைப் பேசச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் நிலைமையை எப்படிப் பார்ப்பது? ஐகேனின் தேடல் பக்கத்தில் உங்கள் டொமைனைத் தட்டினால் பதிவு நிறுவனம் எது, எந்தத் தேதியில் காலம் முடிகிறது என்பது தெரியும். டாட் இன் பெயர்களை நிர்வகிப்பது நிக்ஸி என்ற இந்திய நிறுவனம், அவர்களுடைய பக்கத்திலும் இதே விவரம் கிடைக்கும். உரிமையாளர் பெயரைப் பெரும்பாலும் மறைத்துத்தான் காட்டுவார்கள், அதனால் செய்து கொடுத்தவரிடமே கேட்க வேண்டியிருக்கும். சந்தேகப்படுவது போலக் கேட்க வேண்டாம். “தம்பி, டொமைனை என் பேருக்கு மாத்திக் கொடுத்திடுப்பா, தளத்து வேலை எப்பவும் போல உனக்குத்தான்” என்று சொன்னால் போதும். பல பேர் மாற்றிக் கொடுக்கத் தயங்குவது, வருட வருமானம் போய்விடுமோ என்ற பயத்தில்தான்.

மாற்றுவதற்கு எளிய வழி, அதே பதிவு நிறுவனத்தில் உங்கள் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு டொமைனை நகர்த்தச் சொல்வது. வேறு நிறுவனத்துக்குப் போவதானால், டொமைனை யாரும் நகர்த்தாதபடி கணக்கில் போட்டிருக்கும் பூட்டைத் திறந்து, மாற்றத்துக்கான ஒரு ரகசியக் குறியீடு வாங்க வேண்டும். டாட் காம் என்றால், உரிமையாளர் கேட்ட 5 நாளுக்குள் நிறுவனம் அதைக் கொடுத்தாக வேண்டும். புதிதாகப் பதிவு செய்ததையோ அண்மையில் மாற்றியதையோ 60 நாள் நகர்த்த விடாமல் வைப்பது வழக்கம். ஆகவே இந்த வேலையைத் திருவிழா, அமாவாசைக்கு முந்தின வாரம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கணக்குத் திறக்கும்போது ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். டொமைனின் தொடர்புக்கு, அதே டொமைனில் இயங்கும் ஈமெயிலைக் கொடுக்கவே கூடாது. பதிவு காலாவதியானால் அந்த ஈமெயிலும் சேர்ந்து நின்றுவிடும், எச்சரிக்கை எதுவும் உங்களை வந்து சேராது. தனியாக ஒரு ஜிமெயில் போதும். அதன் ஓடிபி வரும் நம்பர் உங்களுடையதாகவோ வீட்டில் ஒருவருடையதாகவோ இருக்கட்டும். கடைப் பையனின் நம்பரைக் கொடுத்துவிட்டு, அவன் வேலையை விட்டுப் போன பிறகு தவிப்பவர்களைப் பார்க்கிறேன்.

ஹோஸ்டிங், அதாவது தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் வாடகை இடம், அந்த விஷயத்தில் இவ்வளவு ஆபத்து இல்லை. டொமைன் கையில் இருந்தால் தளத்தை வேறு எங்கும் புதிதாகக் கட்டிவிடலாம். ஆனால் பேக்கப், அதாவது தளத்தின் நகல், கேட்கும்போது முழுதாகக் கேளுங்கள். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்த தளமென்றால் படங்களும் கோப்புகளும் ஒரு பகுதி, எழுத்துகளும் ஆர்டர்களும் இருக்கும் டேட்டாபேஸ் இன்னொரு பகுதி. முதலாவதை மட்டும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதை வைத்துத் தளத்தை மீட்க முடியாது. அப்புறம், அட்மின் கணக்கு ஒன்று உங்கள் பெயரிலும் இருக்க வேண்டும்.

இலவசம் என்று வரும் தளங்களை மட்டுமே நம்பி இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூகுள் தன் பிசினஸ் புரொஃபைலோடு, அதாவது தேடலிலும் மேப்பிலும் கடை விவரம் காட்டும் பக்கத்தோடு, இலவசமாகக் கொடுத்துவந்த தளங்களை 2024 மார்ச்சில் மூடிவிட்டது. அதே ஆண்டு ஜூன் 10 வரைதான் பழைய முகவரியில் வந்தவர்களைப் புரொஃபைலுக்குத் திருப்பிவிட்டது. சொந்த டொமைன் வைத்திருந்தவர்களுக்கு வேறு இடத்துக்கு மாற வழி இருந்தது. மற்றவர்கள் கார்டிலும் போர்டிலும் அச்சடித்த முகவரியே வீணானது.

கூகுள் மேப்பில் உங்கள் கடை யார் கணக்கில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். முதன்மை உரிமையாளராக நீங்கள் இருக்க வேண்டும், செய்து கொடுத்தவர் மேலாளராக இருந்தால் போதும். அவரைப் பிடிக்க முடியவில்லையென்றால் அந்தப் பக்கத்திலேயே உரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். இப்போது வைத்திருப்பவருக்குப் பதில் சொல்ல 3 நாள் கொடுப்பார்கள். பதில் வராவிட்டால், கடை உங்களுடையதுதான் என்று நிரூபித்து எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

என்னைப் போல இந்தத் தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கும் சொல்கிறேன். வாடிக்கையாளருக்கு ஈமெயில் இல்லையென்றால், பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று திறந்து கொடுங்கள். டொமைன் பில் அவர் பெயரிலேயே வரட்டும். வேலை முடிந்ததும் பதிவு நிறுவனத்தின் பெயர், காலம் முடியும் தேதி, எந்த ஈமெயில், எந்த நம்பர் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அந்தத் தாளில் எழுத வேண்டாம், அவரையே போடச் சொல்லுங்கள்.