வண்டியைக் கண்டும் மான் ஏன் ஓடுவதில்லை?

விலங்குகள் விருப்பம்போல் உலவும் பெரிய வனவிலங்குப் பூங்காவுக்குள் வண்டியில் செல்லும்போது, சாலையோரத்தில் தலை நிமிராமல் மேயும் மானைப் பார்த்து, அது நம்மைக் கவனிக்கவே இல்லை என்று எண்ணிவிடுகிறோம். அதன் காதுகளை உற்று நோக்க வேண்டும். வாய் புல்லைக் கடித்துக்கொண்டிருக்க, ஒரு காது மட்டும் எஞ்சின் ஓசையின் பக்கம் திரும்பி, சில நொடிகளில் பழையபடி தளர்ந்துவிடும். மான் நம் வண்டியின் ஓசையைக் கேட்டுவிட்டது. ஓடத் தேவையில்லை என்றும் முடிவுசெய்துவிட்டது.

பகை எவ்வளவு நெருங்கும்வரை ஒரு விலங்கு பொறுத்திருக்கும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. சுவிட்சர்லாந்து விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர் இதைத் தப்பியோடும் தொலைவு என்று விளக்கினார். இந்தத் தொலைவு மாறக்கூடியது. ஓடுவதால் மேய்ச்சல் நேரமும் உடலின் ஆற்றலும் வீணாகும் என்பதால், தீங்கு செய்யாமல் நாள்தோறும் கடந்துபோகும் ஒன்றைப் பொருட்படுத்தாதிருக்க விலங்கு கற்றுக்கொள்கிறது. இதையே பழகிப்போதல் என்கிறோம்.

இதன் அடிப்படையைக் கடல்முயல் என்னும் கடல்நத்தையில் ஆராய்ந்தவர், 2000ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எரிக் கேண்டல். உடலிலிருந்து நீரை வெளியேற்றும் நீர்க்குழலை மெல்லத் தொட்டால், அந்த நத்தை தன் செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பத் தொட்டால், தொடுகையை உணரும் நரம்பணு அடுத்த நரம்பணுவுக்குச் செய்தி கடத்த வெளியிடும் வேதிப்பொருள் குறைந்து, இழுப்பும் தளர்ந்துவிடும். ஆனால் வாலில் ஒரே ஒரு மின்னதிர்ச்சி கொடுத்தால் போதும், அடுத்த மெல்லிய தொடுகைக்கே செவுள் வெடுக்கென்று உள்ளே போகும். மானின் மூளை இதைவிடப் பன்மடங்கு சிக்கலானது என்றாலும், நடத்தையில் தெரியும் போக்கு இதுதான். பல நாள் பொறுமையாகச் சென்ற வண்டிகளால் வளர்ந்த அமைதியை, துரத்திச் சென்று ஒலிப்பானை அலறவிடும் ஒரு வண்டி குலைத்துவிடக்கூடும். எனக்கு இதுவே மிகுந்த வருத்தம் தருவது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. விலங்கு பழகியிருப்பது நம்மோடு அன்று. வண்டியின் உருவம், ஓசை, எரிபொருள் வாடை ஆகியவை சேர்ந்த ஒரு முழுமையோடுதான். சிங்கத்துக்கும் இது பொருந்தும். கதவைத் திறந்து ஒருவர் இறங்கினால் அந்த முழுமை உடைந்து, இரண்டு கால்களில் நிற்கும் புதிய உருவம் ஒன்று தனியே தெரிகிறது. அப்போது மானின் மெல்லும் வாய் நின்றுவிடும், தலை நிமிரும், இரண்டு காதுகளும் நம்மை நோக்கி அசையாமல் நிற்கும்.