நொய்மை: ‘ஃப்ரெயில்டி’க்கு ஒரு தமிழ்ச் சொல்

முதியோர் மருத்துவத்தில் ஃப்ரெயில்டி என்று சொல்லப்படும் நிலையே நொய்மை. வயதாக ஆக உடம்பின் கையிருப்பு கரைந்து, சின்னக் காய்ச்சலோ ஒரு சறுக்கலோ கூட ஆளைப் படுக்கையில் போட்டுவிடும். அதே காய்ச்சலில் இன்னொருவர் நாலு நாளில் எழுந்து நடப்பார். நொய்ந்தவர் தேறப் பல மாதம் ஆகும், தேறாமலும் போகலாம்.

ஆங்கிலச் சொல், லத்தீன் ‘ஃப்ராஜிலிஸ்’ என்பதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. எளிதில் உடைவது என்று பொருள். எலும்பு முறிவைச் சொல்லும் ஃப்ராக்சரும் அதே வேரிலிருந்து வந்ததுதான்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் “தள்ளாத வயசு”, “ஒடம்பு ஓஞ்சுபோச்சு” என்பார்கள். தள்ளாமை நல்ல சொல்தான். ஆனால் அது எல்லாம் முடியாமல் போனபின் சொல்வது. மருத்துவர் தேடுவது அதற்கு முந்தைய கட்டத்தை. மூப்பு என்றும் சொல்ல முடியாது. எண்பதிலும் காட்டு வேலைக்குப் போகிறவர் உண்டு, அறுபத்தைந்தில் நொய்ந்தவரும் உண்டு. நலிவு எந்த நோய்க்கும் பொருந்திவிடும். நொய்மையில் மென்மை, வலுவின்மை இரண்டும் இருக்கின்றன. கேழ்வரகுக் களிக்கு உலையில் போடும் நொய்யை அறிந்தவர்களுக்கு, உடைந்துபோவது என்ற பொருளும் உடனே பிடிபடும். அதனால் இதையே பரிந்துரைக்கிறேன்.

வயதில் தசை குறைவதைச் சொல்லும் சார்கோபீனியா வேறு. சதை, குறைவு என்னும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர் இர்வின் ரோசன்பர்க் முன்வைத்த பெயர் அது, தமிழில் தசையிழப்பு. நொய்மை முழு உடம்பின் நிலை, தசையிழப்பு அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று.

இந்தத் தசையைப் பார்க்கத்தான் மீயொலி, அதாவது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். ‘மீ’ என்றால் மேல். மனிதக் காதுக்கு எட்டும் 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி. பெரும்பாலும் தொடையின் முன்புறத் தசையை அளப்பார்கள், வயதில் அது சீக்கிரம் மெலிவதால். தடிமனோடு நிறமும் முக்கியம்: நல்ல தசை கருப்பாகத் தெரியும், கொழுப்பும் நாரும் ஏறிய தசை வெளுத்துத் தெரியும். அளவு குறையாமலேயே தரம் கெட்டிருப்பதை இந்த வெளுப்பு காட்டிக்கொடுக்கும். கதிர்வீச்சு இல்லை, படுக்கை அருகிலேயே செய்யலாம். ஆனால் கருவியைக் கொஞ்சம் அழுத்திவிட்டாலும் தசை நசுங்கி அளவு குறைந்துவிடும். கால் வீக்கமும் கணக்கைக் கெடுக்கும். எல்லாருக்கும் பொதுவான எல்லை அளவும் இன்னும் முடிவாகவில்லை.

ஆகவே ஸ்கேன் மட்டும் போதாது. 2001இல் அமெரிக்க முதியோர் மருத்துவர் லிண்டா ஃப்ரீட் குழு வகுத்த ஐந்து அடையாளங்கள் இன்றும் பயன்படுகின்றன: தானாக எடை குறைவது, ஓயாத அசதி, கைப்பிடி தளர்வு, மெதுவான நடை, நடமாட்டக் குறைவு. மூன்று இருந்தால் நொய்மை. ஒன்றோ இரண்டோ இருந்தால் நொய்மைக்கு முந்தைய நிலை. தசைக்கு வலுவேற்றும் பயிற்சியாலும் போதிய புரதத்தாலும் பலரை இங்கிருந்து மீட்டுவிடலாம்.

இயன்முறைப் பயிற்சியை, அதாவது ஃபிசியோதெரபியை, வீட்டுக்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்தத் திட்டப் பணியாளர் வரும்போது சர்க்கரை, பிரஷர் மட்டும் பேசி அனுப்பிவிடாதீர்கள். “அம்மா கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை” என்பதையும் சொல்லுங்கள்.