முத்திரை ஒட்டினால் உறுதியாகிவிடாது, தம்பி

கொப்பியில் கிழித்த ஒரு ஒற்றை. கீழே இரண்டு கையெழுத்து, அதன்மேல் ஒரு முத்திரை. "ரூமுக்கு ஒரு வருசத்துக்கு அக்ரிமென்ட் போட்டனாங்கள் சேர், இப்ப வீட்டுக்காரர் எழும்பச் சொல்லுறார்" என்று மாணவர் வந்து நிற்பார். திருகோணமலையில் உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளி வீதிப் பக்கம் சீசன் நெருங்க நெருங்க இதே கடதாசி, இதே கதை. மே முதல் செப்டெம்பர் வரை கடற்கரையோர அறைக்கு உல்லாசப் பயணி நாட்கணக்கில் தரும் காசுக்கு முன்னால், கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளை தரும் மாத வாடகை நிற்காது. வீட்டுக்காரருக்கும் அது தெரியும்.

முத்திரைக்கு இந்த மந்திர சக்தியைக் கொடுத்தது யாரோ! 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வீட்டுக் குத்தகை, நொத்தாரிசுக்கும் (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்தும் அதிகாரம் உள்ளவர்) இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் ஒப்பமிட்டு முடிக்கப்படாவிட்டால் செல்லாது. கிராம சேவகர் சீல் அடித்தாலும் செல்லாது. சமாதான நீதவான் ஒப்பமிட்டாலும் செல்லாது. சட்டத்தரணி ரைப் பண்ணித் தந்தாலும், நொத்தாரிசாக அத்தாட்சிப்படுத்தாத வரை அது வெறும் கடதாசி. (எங்கள் சட்டத்தரணிகளில் சிலரும் இதைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவதில்லை.)

அதற்காகக் கிழித்தெறிய வேண்டாம். காசு கைமாறியதற்கு அது சான்று. மாத வாடகைக்கு எழுத்தே தேவையில்லை, வாய்ப்பேச்சே போதும். எழுப்புவதென்றால் ஒரு முழுக் கலண்டர் மாத அறிவித்தல் தர வேண்டும். வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டிலே சாப்பாட்டோடு ஓர் அறை என்றால் கதை வேறு; அது பெரும்பாலும் வாடகையல்ல, தங்குவதற்கான அனுமதி மட்டுந்தான்.

பூட்டை மாற்றிப் பைகளை வாசலில் வைத்துவிட்டாரா? அன்றைக்கே பொலிசில் முறைப்பாடு போட்டு முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவில் (காணி, வீட்டு உடைமைப் பிணக்கு) வழக்கு வந்தால், தாக்கல் செய்த நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றினார்களா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். பரீட்சை முடியட்டும் என்று மூன்றாம் மாதம் வராதீர்கள்.

ஐந்து பேர் சேர்ந்து முழு வீடு எடுப்பதென்றால் நொத்தாரிசுச் செலவைப் பங்கு போடுங்கள், ஐந்து பேரும் ஒப்பமிடுங்கள். ஒருவர் மட்டும் ஒப்பமிட்டால், மற்றவர்கள் இடையில் கழன்றதும் முழு வாடகையும் அவர் தலையில்தான்.

உரிமையாளர் கனடாவில், சாவி மச்சானிடம் என்றால் அற்றோணித் தத்துவத்தை, அதாவது உரிமையாளர் தன் சார்பில் செயற்பட எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். வாடகைக்குக் கொடுக்கும் அதிகாரம் அதில் எழுதியிருக்கிறதா என்று வாசியுங்கள். கரண்ட் பில்லில் பெயர் இருப்பது உரிமைக்குச் சான்றல்ல. படம் பார்த்து, அறையைப் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பவே கூடாது. கொடுக்கும் காசு வங்கிக் கணக்குக்குப் போகட்டும். கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அது திருப்பித் தரும் வைப்பா, வாடகையில் கழிவதா என்பது அதில் இருக்க வேண்டும்.

மீட்டர் விசயத்தில்தான் கூடச் சண்டை. அலகு கூடக் கூட ஓர் அலகின் விலையும் ஏறும். வீட்டுக்காரரின் குடும்பமும் நீங்களும் ஒரே மீட்டரில் இருந்தால், அவருடைய ஏசிக்கு ஏறிய விலையில் உங்கள் மின்விசிறியும் ஓடும். தனி உப மீட்டர் கேளுங்கள். சாவி வாங்கும் நாளிலேயே வாசிப்பைப் படம் பிடித்து, வீட்டுக்காரரின் வட்ஸ்அப்புக்கே அனுப்பிவிடுங்கள்.

கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள், பிள்ளைகளே. கடலோரத்தில் மாசியில் நன்றாக இருக்கும் தண்ணீர் ஆவணியில் உப்பாகிவிடலாம். மாரியில் வெள்ளம் ஏறிய அடையாளம் சுவரடியில் இருக்கும்; புதுப் பெயின்ற் அடித்திருந்தால் பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள்.